ஆசியத் தொலைக்காட்சித் தொடர்களில் வலிய நாயகியும் குறையுள்ள காதலனும்

ஆசிய நாடுகளின் தொலைக்காட்சித் தொடர்களில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு கதையமைப்பு உண்டு. வறுமையிலோ குடும்பச் சுமையிலோ வளர்ந்த, உழைப்பும் தன்மானமும் மிக்க ஒரு பெண் கதையின் மையத்தில் இருப்பாள். அவள் விரும்பும் ஆணோ, மணக்கும் ஆணோ கோழையாகவோ, திமிர் பிடித்தவனாகவோ, சந்தேகக்காரனாகவோ, முடிவெடுக்கத் தெரியாதவனாகவோ இருப்பான். அவன் திருந்துவானா, அதுவரை அவள் என்ன இழப்பாள் என்பதே கதையை நகர்த்தும்.

இக்கதையமைப்பு 1980களில் ஜப்பானியத் தொடர்கள் வழியாக ஆசியா முழுவதும் பரவியது. பின்னர் தைவான், தென்கொரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் புதிய வடிவங்களைப் பெற்றது. 2010களுக்குப் பிறகு இதன் அடிப்படையே கேள்விக்குள்ளானது. ஓஷின் (1983), மெட்டியோர் கார்டன் (2001), மை லவ்லி சாம் சூன் (2005), ஜிந்தகி குல்ஸார் ஹை (2012) ஆகிய நான்கு தொடர்களை முதன்மையாகக் கொண்டு அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

தகுதியுள்ள பெண், குறையுள்ள ஆண் என்ற இணை தொலைக்காட்சிக்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களிலும், 1970களில் வளர்ந்த ஜப்பானியச் சிறுமியர் சித்திரக்கதைகளிலும் அது இருந்தது. தொலைக்காட்சி அதற்குக் கொடுத்தது நீளம். இரண்டரை மணி நேரத் திரைப்படத்தில் ஆண் ஒருமுறை தவறு செய்து ஒருமுறை வருந்தலாம். மாதக்கணக்கில் ஓடும் தொடருக்கு முடிவுறாத தடைகள் தேவை. வெளியிலிருந்து வரும் வில்லன் சலித்துப்போவான். காதலனின் குணத்திலேயே குறை இருந்தால் கதை தீராது.

இத்தொடர்களில் பலவற்றைப் பெண்கள் எழுதினர் என்பதும் முக்கியமானது. ஓஷினை எழுதிய ஹாஷிதா சுகாகோ, மெட்டியோர் கார்டனுக்கு மூலமான சித்திரக்கதையை வரைந்த காமியோ யோகோ, ஜிந்தகி குல்ஸார் ஹை தொடரை எழுதிய உமைரா அகமது ஆகிய மூவரும் பெண்கள். தென்கொரியாவிலும் தொடர் எழுத்தாளர்களில் பெண்களே மிகுதி. ஆண்களின் குறைகளை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் தொடர்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓஷின்: தாங்கிக்கொள்ளும் வலிமை

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1961 முதல் காலை நேரத்தில் குறுந்தொடர்களை ஒளிபரப்பி வருகிறது. பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கையே அவற்றின் கதை. என்.எச்.கே. தொலைக்காட்சியின் 30ஆம் ஆண்டையொட்டி எடுக்கப்பட்ட ஓஷின் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை 297 பகுதிகளாக வந்தது. ஜப்பானில் அதன் சராசரிப் பார்வையாளர் அளவு 52.6 விழுக்காடு, உச்ச அளவு 62.9 விழுக்காடு. அந்நாட்டுத் தொடர்களில் இதுவே மிக உயர்ந்த அளவாகக் கருதப்படுகிறது.

ஓஷின் யமகதா பகுதியின் ஏழைக் குத்தகை விவசாயி ஒருவரின் மகள். ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக வேலைக்காரியாக அனுப்பப்படுகிறாள். பின்னர் முடி அலங்காரத் தொழில் கற்கிறாள், டோக்கியோவில் துணி வணிகரான ரியூஸோவை மணக்கிறாள், மீன் விற்கிறாள், முதுமையில் பல கிளைகள் கொண்ட பல்பொருள் அங்காடியின் உரிமையாளராகிறாள். குழந்தைப் பருவத்தில் கோபயாஷி அயாகோவும், இளமையில் தனாகா யூகோவும், முதுமையில் ஓதோவா நொபுகோவும் இந்தப் பாத்திரத்தில் நடித்தனர்.

கணவன் ரியூஸோ கொடியவன் அல்லன். அன்புள்ளவன்தான், ஆனால் வீண் பெருமையும் மன உறுதியின்மையும் உடையவன். மனைவியின் சம்பாத்தியத்தில் குடும்பம் நடப்பது அவனுக்கு அவமானமாகத் தோன்றுகிறது. 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் அவர்களின் தொழிற்கூடம் அழிகிறது. அதன் பின் அவன் மனைவியை சாகாவிலுள்ள தன் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே மாமியாரின் கொடுமைக்கு ஓஷின் ஆளாகும்போது தாயை எதிர்த்துப் பேச அவனுக்குத் துணிவில்லை. அந்த வீட்டில் ஓஷின் தன் குழந்தையைப் பறிகொடுக்கிறாள். இறுதியில் மகனை மட்டும் அழைத்துக்கொண்டு அங்கிருந்து வெளியேறுகிறாள். கணவனை விட்டு நீங்கிப் போகும் இந்த முடிவே தொடரின் திருப்புமுனை.

போர்க்காலத்தில் ரியூஸோ இராணுவத்துக்குப் பொருள் வழங்கிச் செல்வம் சேர்க்கிறான்; இளைஞர்களைப் போருக்குச் செல்லுமாறு ஊக்குகிறான். மூத்த மகன் போர்முனையில் இறக்கிறான். 1945இல் ஜப்பான் தோற்றதும் குற்ற உணர்வு தாங்காமல் ரியூஸோ தற்கொலை செய்துகொள்கிறான். இளமைக் காதலனான கோத்தாவும் குறையற்றவன் அல்லன். விவசாயிகளுக்காகப் போராடிய அவன் அடக்குமுறைக்குப் பின் தன் கொள்கையைக் கைவிடுகிறான். இவ்விரு ஆண்களின் வழியாக ஹாஷிதா பேசியது தனிமனிதர்களின் குறையை மட்டுமல்ல. ஒருவர் போருக்குத் துணைபோனார், மற்றவர் எதிர்ப்பைக் கைவிட்டார். அது ஒரு தலைமுறை ஆண்களின் தோல்வி.

ஓஷின் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பானது. இலங்கையில் ஜப்பானிய உதவியுடன் 1982இல் தொடங்கப்பட்ட ரூபவாகினி அதனை ஒளிபரப்பியது. ஈரானில் பழைய துணி விற்கும் கடைகளுக்கு ஓஷினின் குடும்பப் பெயரான தானோகுராவைத் தழுவி "தனாகுரா" என்ற பெயரே வந்துவிட்டது. 1989 ஜனவரியில் அந்நாட்டு வானொலியில் பேசிய ஒரு பெண், தனக்கு முன்மாதிரி நபிகளின் மகள் ஃபாத்திமா அல்லர், ஓஷின்தான் என்ற பொருளில் பதிலளித்தார். ஆயத்துல்லா கொமெய்னி இதைக் கடுமையாகக் கண்டித்தார். வானொலி அலுவலர்கள் தண்டிக்கப்பட்டுப் பின்னர் மன்னிக்கப்பட்டனர். ஒரு தொடரின் நாயகி அரசுகளையே கவலைப்பட வைக்கக்கூடியவள் என்பதற்கு இது சான்று.

மெட்டியோர் கார்டன்: எதிர்த்து நிற்கும் களை

காமியோ யோகோவின் "ஹனா யோரி டாங்கோ" 1992 முதல் ஜப்பானிய இதழொன்றில் வெளிவந்த சித்திரக்கதை. "பூவைவிடக் கொழுக்கட்டையே மேல்" என்ற பொருளுள்ள ஜப்பானியப் பழமொழியில் கொழுக்கட்டையைக் குறிக்கும் எழுத்துகளை "ஆண்பிள்ளைகள்" என்று மாற்றி எழுதியதே தலைப்பு. ஒலி ஒன்றுதான், பொருள் வேறு.

பணக்காரர்கள் படிக்கும் பள்ளியில் நடுத்தரத்துக்கும் கீழான குடும்பத்திலிருந்து வந்த மாகினோ ட்சுகுஷி படிக்கிறாள். பள்ளியை ஆட்டிப்படைக்கும் நான்கு இளைஞர்கள் தங்களுக்குப் பிடிக்காதவரின் பெட்டியில் சிவப்புச் சீட்டு ஒன்றை வைப்பார்கள். அன்று முதல் பள்ளி முழுவதும் அந்த மாணவரைத் துன்புறுத்தும். சீட்டைப் பெற்ற ட்சுகுஷி பணியாமல் திருப்பி அடிக்கிறாள். நால்வரின் தலைவனான டோம்யோஜி அவள்மீது காதல் கொள்கிறான்.

இக்கதை 2001இல் தைவானில் மெட்டியோர் கார்டன் என்ற தொடராக வந்தது. நாயகி ஷான்சாயாக பார்பி ஷுவும், நாயகன் தாவ்மிங் சுவாக ஜெர்ரி யானும் நடித்தனர். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளில் அது பெரும் அலையை உண்டாக்கியது. சீனாவில் இளைஞர்களைக் கெடுக்கும் என்று கூறி 2002இல் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. 2005இல் ஜப்பானிலும், 2009இல் "பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்" என்ற பெயரில் தென்கொரியாவிலும், 2018இல் சீனாவிலும், 2021இல் தாய்லாந்திலும் இதே கதை மீண்டும் எடுக்கப்பட்டது. தமிழில் புதுயுகம் தொலைக்காட்சி மொழிமாற்றி ஒளிபரப்பிய கொரியத் தொடர்களில் "பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்" ஒன்று. தமிழ்ப் பார்வையாளர் பலருக்குக் கொரியத் தொடர்களுடனான முதல் அறிமுகம் இப்படித்தான் ஏற்பட்டது.

நாயகியின் பெயரை எல்லா வடிவங்களும் கவனத்துடன் காத்தன. ட்சுகுஷி என்பது வயலோரத்தில் தானே முளைக்கும் ஒரு காட்டுச் செடி. தைவானின் ஷான்சாய் என்ற பெயரும் அதே செடியைக் குறிப்பது. கொரிய நாயகி கூம் ஜான்-டியின் பெயருக்குப் புல் என்று பொருள். மிதித்தாலும் எழும் களைச்செடி என்பதே நாயகியின் அடையாளம்.

நாயகனோ இக்கதையமைப்பின் மிகக் கடுமையான வடிவம். கோழையோ தடுமாறுபவனோ அல்லன், வன்முறையாளன். ஏவி விட்டுத் துன்புறுத்துகிறான். மூலக்கதையிலும் தைவான் தொடரிலும் நாயகியைப் பலவந்தமாக முத்தமிட முயலும் காட்சி வருகிறது. இவற்றுக்கெல்லாம் கதை சொல்லும் விளக்கம், அன்பில்லாத பணக்காரத் தாயிடம் வளர்ந்தவன் என்பதே. அவனை மனிதனாக்கும் பொறுப்பு நாயகியின் தலையில் விழுகிறது. ஓஷினின் வலிமை தாங்குவதில் இருந்தது என்றால், ஷான்சாயின் வலிமை எதிர்ப்பதில் தொடங்கித் திருத்துவதில் முடிகிறது.

இக்கதைக்கு வந்த பாராட்டும் கண்டனமும் இந்த இடத்தைப் பற்றியவையே. அதிகாரமுள்ளவன் ஏழைப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதைக் காண்பது வாழ்க்கையில் கிடைக்காத நிறைவைத் தருகிறது என்பர் ஆதரிப்போர். துன்புறுத்தலைக் காதலின் முதல் அறிகுறியாக இளையோர் மனத்தில் பதிக்கிறது என்பர் எதிர்ப்போர்.

கிம் சாம்-சூன்: தன் பெயரைக் காத்தவள்

தென்கொரியாவில் 2003–04இல் வந்த "தே ஜாங் கூம்" பெண்ணின் தொழில்திறனை மையமாக்கியது. 16ஆம் நூற்றாண்டில் மன்னர் ஜுங்ஜோங் காலத்து அரச வரலாற்றுக் குறிப்புகளில் ஜாங்-கூம் என்ற மருத்துவப் பெண்ணைப் பற்றிச் சில வரிகள் உள்ளன. அவற்றைக் கொண்டே 54 பகுதித் தொடர் உருவானது. இலங்கையில் ரூபவாகினி இதனைச் சிங்களத்தில் "சுஜாத தியணி" என்ற பெயரில் ஒளிபரப்பியது. ஆனால் இதன் நாயகன் குறையற்ற உத்தமன். குறையுள்ள காதலன் அதற்கு அடுத்த ஆண்டு மீண்டும் வந்தான்.

2005 ஜூன், ஜூலை மாதங்களில் எம்.பி.சி. தொலைக்காட்சி 16 பகுதிகளாக ஒளிபரப்பிய மை லவ்லி சாம் சூன், இறுதிப் பகுதியில் 50 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பார்வையாளர் அளவைத் தொட்டது. ஜி சூ-ஹியூனின் நாவலைத் தழுவியது. நாயகி கிம் சாம்-சூன் முப்பதை எட்டிய, பருத்த உடல் கொண்ட, கேக் செய்யும் தொழிலில் தேர்ந்த பெண். சாம்-சூன் என்பது மூன்றாவது மகளுக்கு வைக்கும் பழங்காலத்துப் பெயர், கேட்பவர் சிரிப்பார்கள். நடிகை கிம் சன்-ஆ இப்பாத்திரத்துக்காக உடல் எடையைக் கூட்டினார். மெலிந்த, இளைய, கண்ணீர் வடிக்கும் நாயகிகளுக்குப் பழகிய கொரியத் தொலைக்காட்சியில் வயிறார உண்டு, வாய்விட்டுத் திட்டும் இப்பெண் புதியவள்.

உணவக உரிமையாளனான ஹியூன் ஜின்-ஹானாக ஹியூன் பின் நடித்தார். தாய் ஏற்பாடு செய்யும் பெண்பார்க்கும் சந்திப்புகளிலிருந்து தப்பிக்க, ஐந்து கோடி வொன் கொடுத்து சாம்-சூனைக் காதலியாக நடிக்கச் சொல்கிறான். குடும்ப வீடு கடனில் மூழ்கும் நிலையில் அவளும் ஒப்புக்கொள்கிறாள். அவன் அவளுடைய உடலைக் கேலி செய்கிறான், கையைப் பிடித்து இழுக்கிறான், பழைய காதலி நோயுடன் திரும்பி வந்தபின் இருவருக்கும் நடுவே தடுமாறுகிறான். தான் ஓட்டிய கார் விபத்தில் அண்ணன் இறந்த குற்ற உணர்வை அவனுடைய குணத்துக்குக் காரணமாகக் கதை காட்டுகிறது.

இத்தொடரின் தனித்தன்மை முடிவில் உள்ளது. ஜின்-ஹானின் தாய் இறுதிவரை சம்மதிப்பதில்லை. கல்யாணக் காட்சி இல்லை. பெயரை மாற்றத் துடித்த சாம்-சூன் கடைசியில் அதே பெயருடன், தன் சொந்தத் தொழிலுடன் இருக்கிறாள். இந்தக் காதல் ஒருநாள் முறியக்கூடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தொடர் வெளிவந்த காலமும் கவனிக்கத்தக்கது. குடும்பத்தின் சட்டப்படியான தலைவர் ஆணே என்ற "ஹோஜு" முறையை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது எனத் தென்கொரிய அரசியல் சட்ட நீதிமன்றம் 2005 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மார்ச் மாதம் அதை நீக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறி 2008 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தந்தை இல்லாத வீட்டைத் தாயும் மகள்களும் சேர்ந்து காக்கும் கதையை நாடு கண்ட கோடையும் அதே ஆண்டினுடையதுதான்.

ஜிந்தகி குல்ஸார் ஹை: அரசு அதிகாரியான மனைவி

பாகிஸ்தானில் ஹம் தொலைக்காட்சி 2012 நவம்பர் முதல் 2013 மே வரை 26 பகுதிகளாக ஒளிபரப்பிய இத்தொடரை சுல்தானா சித்திகி இயக்கினார். மூன்றும் பெண்ணாகப் பிறந்ததால் கஷஃபின் தந்தை வேறு பெண்ணை மணந்து குடும்பத்தைக் கைவிடுகிறார். ஆசிரியையான தாய் ராஃபியா தனியாக மகள்களை வளர்க்கிறார். கஷஃப் உதவித்தொகையில் படித்து, குடிமைப்பணித் தேர்வில் வென்று அதிகாரியாகிறாள். சனம் சயீத் இவ்வேடத்தில் நடித்தார்.

ஃபவாத் கான் நடித்த ஸாரூன் படித்தவன், நாகரிகமானவன், வசதியானவன். தனக்குப் பெண் தோழிகள் இருக்கலாம். தங்கையோ நிச்சயிக்கப்பட்ட பெண்ணோ இரவில் வெளியே போகக்கூடாது என்பது அவனுடைய நியாயம். கல்லூரியில் கஷஃபை அவமதித்த அவனே பின்னர் அவளை மணக்கிறான். இங்கே குறை வன்முறையல்ல; நல்லவன் என்று எல்லோரும் சொல்லும் ஒருவனிடம் இயல்பாக ஊறியிருக்கும் இரட்டை அளவுகோல். அதனாலேயே பார்வையாளர் தம் வீட்டு ஆண்களை அவனிடம் கண்டனர். கஷஃபின் வேலை பேச்சளவில் நில்லாமல் கதை முழுவதும் அவளுக்குக் கைகொடுக்கிறது. கணவனோடு மனம் கசந்து பிரிந்தபோது அவளுக்குப் போக இடமும் சம்பளமும் இருந்தன. அவளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறப்பதோடு தொடர் முடிகிறது. பெண் பிறந்ததற்காகக் கைவிடப்பட்ட தாயின் கதைக்கு இதுவே மறுமொழி. 2014இல் இந்தியாவில் ஒளிபரப்பானபோதும் இத்தொடர் பெரும் வரவேற்பைப் பெற்றது.

மறுபரிசீலனை

2010களின் நடுவில் இக்கதையமைப்பின்மீது கேள்விகள் எழுந்தன. 2016இல் ஜப்பானில் வந்த "நிகேரு வா ஹாஜி தாகா யாகு நி தட்சு" தொடரில் மிகுரி என்ற பெண் சம்பளத்துக்கு வீட்டுவேலை செய்யும் ஒப்பந்த மனைவியாகச் சேர்கிறாள். பின்னர் இருவருக்கும் காதல் மலர்கிறது. உண்மையாகவே மணந்துகொண்டால் சம்பளம் மிச்சமாகும் என்று அவன் கணக்குப் போடும்போது, காதலின் பெயரால் உழைப்பை இலவசமாகப் பெறுவது சுரண்டல் என்று அவள் மறுக்கிறாள். குறை இங்கே நாயகனின் குணத்தில் இல்லை, திருமணம் என்ற ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

தென்கொரியாவில் 2016க்குப் பின் பெண்கள் இயக்கம் வலுப்பெற்றது. 2018 ஜனவரியில் பெண் அரசு வழக்கறிஞர் ஒருவர் மேலதிகாரியின் பாலியல் சீண்டலைத் தொலைக்காட்சியில் வெளிப்படுத்தியதும் "மீ டூ" அலை எழுந்தது. பின்தொடர்ந்து தொல்லை தருவதைக் குற்றமாக்கும் சட்டம் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கையைப் பிடித்து இழுப்பது, சுவரோடு நிறுத்தி முத்தமிடுவது, மறுத்தபின்னும் வீட்டு வாசலில் காத்திருப்பது என முந்தைய தொடர்கள் காதல் என்று காட்டிய செயல்களைப் பார்வையாளர் வேறு பெயரால் அழைக்கத் தொடங்கினர்.

எழுத்தாளர்களும் மாறினர். இம் சாங்-சூன் எழுதிய "வென் த கமெலியா ப்ளூம்ஸ்" (2019) தனியாக மகனை வளர்க்கும் பெண்ணின் கதை. அவளை நேசிப்பவன் ஒளிவுமறைவற்ற ஊர்க்காவலன். அவரே எழுதிய "வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்" (2025) ஜெஜு தீவில் பிறந்த ஏ-சூனின் முழு வாழ்க்கையைச் சொல்கிறது. பரப்பில் அது ஓஷினை நினைவூட்டுவது. ஆனால் கணவன் குவான்-சிக் ரியூஸோவுக்கு நேர்மாறானவன். உணவு மேசையில் மாமியார் வீட்டார் மனைவியை ஒதுக்கி உட்காரவைக்கும்போது அவன் தன் இருக்கையைத் திருப்பிக்கொண்டு அவள் பக்கம் அமர்கிறான்.

2024இல் மை லவ்லி சாம் சூன் தொடரை அதன் இயக்குநர் கிம் யுன்-சோல் எட்டுப் பகுதிகளாகச் சுருக்கி மறுதொகுப்புச் செய்தார். இன்றைய பார்வையாளருக்கு உறுத்தக்கூடிய நாயகனின் நடத்தை குறைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் ஒரு தொடர் தன் நாயகனையே திருத்திக்கொள்ள நேர்ந்தது.

மதிப்பீடு

இத்தொடர்களை மதிப்பிடும்போது காதலன் எவ்வளவு குறையுள்ளவன் என்ற கேள்வியே வழக்கமாக முன்வைக்கப்படுகிறது. அவன் விலகிவிட்டால் நாயகியிடம் என்ன மிஞ்சும் என்று கேட்பது கூடுதல் தெளிவைத் தரும். ரியூஸோ இறந்தபின் ஓஷினிடம் தொழில் இருந்தது. சாம்-சூனிடம் கைத்தொழிலும் பெயரும் இருந்தன. கஷஃபிடம் பதவி இருந்தது. ஷான்சாயிடம் துணிவு மட்டுமே இருந்தது. அவளுடைய எதிர்காலம் தாவ்மிங் சு திருந்துவதையே நம்பியிருந்தது. ஆகவே இந்நால்வரில் மிகுந்த ஆரவாரத்தோடு எதிர்த்தவளே மிகக் குறைந்த பாதுகாப்புடையவள்.

வலிமை என்ற சொல்லின் பொருளும் இவ்வரலாற்றில் மாறிவந்துள்ளது. தாங்குவது, எதிர்ப்பது, தன் காலில் நிற்பது, நியாயமான பங்கைக் கேட்பது என அது நகர்ந்திருக்கிறது. ஆயினும் பழைய வடிவங்கள் மறைந்துவிடவில்லை. சிவப்புச் சீட்டுக் கதை 2021இல் மீண்டும் எடுக்கப்பட்டபோதும் இளையோர் அதை விரும்பிப் பார்த்தனர். திருந்தும் ஆணைக் காணும் ஆசைக்கும், திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற அறிவுக்கும் இடையேதான் ஆசியத் தொடர்கள் இன்றும் எழுதப்படுகின்றன.